இழுக்காத பழைய காருக்கு என்ன மருந்து? புதுப்பேட்டை பட்டறைகளில் ஒரு ரவுண்டு!

சென்னை ஜெமினி மேம்பாலம். காலை 9 மணி. முன்னால் ஒரு வெள்ளை அம்பாசிடர். மேலே கேரியர். கேரியரில் அண்டா, குண்டா. மூன்றாவது கியரில் ஏறப் பார்க்கிறது. முடியவில்லை. இரண்டாவது கியர். அதிலும் முனகல்! பின்னால் ஆட்டோக்காரர் ஆரனில் வைத்த கையை எடுக்கவில்லை.

"யோவ், இறங்கித் தள்ளுய்யா!"

அந்த அம்பாசிடரின் சொந்தக்காரர் அயனாவரத்தில் சமையல் காண்டிராக்ட் எடுப்பவர். முகூர்த்த நாளில் பாத்திரம், மளிகை, இரண்டு சமையல் ஆள், எல்லாம் இந்த வண்டியில்தான் போகவேண்டும். புது வண்டி வாங்கப் பணம் கிடையாது. 'கொஞ்சம் பவர் மட்டும் ஏற்றிக் கொடுங்கள்' என்று கேட்டுப் புதுப்பேட்டைக்கு வந்திருந்தார்.

இவர் ஒருவர் இல்லை. அம்பாசிடர் தயாரிப்பு 2014-ல் நின்றது. மாருதி 800 தயாரிப்பும் அதே 2014-ல் நின்றது. பியட் என்று நாம் கூப்பிடும் பிரீமியர் பத்மினிக்கு அதற்கும் முன்பே மூடுவிழா. ஆனால் வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே புலம்பல்: "இழுக்க மாட்டேங்குது சார்!"

இந்தப் புலம்பலை வைத்துப் பிழைப்பவர்களும் இருக்கிறார்கள். என்ன சாமான் நிஜம், எது டூப்பு, எதைத் தொட்டால் போலீஸ் ஸ்டேஷன் வரை போகவேண்டி வரும்? கூவம் கரையோரப் பட்டறைகளிலும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகளிலும் ஏறி இறங்கி விசாரித்தோம்.

"தொலைஞ்சதைத் தேடுங்க!"

பட்டறைப் பையன்கள் "வாத்தியார்" என்று கூப்பிடும் ஒரு பெரியவர். காது வரை கிரீஸ். அயனாவரத்துக்காரர் வண்டியின் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு அவர் சொன்ன முதல் வார்த்தை இதுதான்:

"தம்பி, பவரை யாரும் ஏத்த முடியாது. கம்பெனி கொடுத்ததுலே பாதி தொலைஞ்சு போயிருக்கு. அதைத் தேடி எடுத்துக் கொடுக்கறதுதான் எங்க வேலை."

அம்பாசிடரின் பழைய பெட்ரோல் என்ஜின் 1489 சி.சி. புதிதாக வந்தபோது சுமார் 50 குதிரைத்திறன். இன்று அதில் எத்தனை குதிரை உயிரோடு இருக்கிறது என்பதுதான் கேள்வி. செத்த குதிரையை எழுப்பச் சில நூறு ரூபாயில் இருந்து சில ஆயிரம் ரூபாய் வரைதான் செலவு. இல்லாத குதிரையைப் புதிதாகக் கட்டத்தான் கால் லட்சம், அரை லட்சம் என்று கை நீளுகிறது.

என்ஜினைத் தொடுவதற்கு முன்பு வாத்தியார் செய்தது நமக்கே ஆச்சரியம். ஜாக்கி போட்டு ஒவ்வொரு சக்கரமாகத் தூக்கினார். கையால் சுற்றினார். பின்பக்க இடது சக்கரம் அரைச் சுற்றுகூடச் சுற்றவில்லை. பிரேக் ஷூ டிரம்மிலேயே ஒட்டிக் கிடக்கிறது! அதாவது இத்தனை நாளும் பிரேக்கை மிதித்துக்கொண்டே ஆக்சிலேட்டரையும் மிதித்த மாதிரி. அந்தச் சக்கரத்தின் டிரம்மைத் தொட்டால் கை சுட்டது.

அடுத்து கிளட்ச். ஆண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்து, டாப் கியர் போட்டு, கிளட்ச்சை மெதுவாக விட்டார். என்ஜின் டக்கென்று செத்துப்போனது. "நல்லது. சாகாம உறுமிக்கிட்டே இருந்தா கிளட்ச் வழுக்குதுன்னு அர்த்தம். பவர் எல்லாம் தட்டுலேயே எரிஞ்சு போகும்" என்றார். டயரில் காற்று இரண்டில் குறைவு. இதற்கெல்லாம் பில் எவ்வளவு வரும்? ஒரு குடும்பம் ஓட்டலில் சாப்பிடும் காசு கூட வராது.

நாலு சிலிண்டர், நாலு கதை

பிறகு நான்கு பிளக்கையும் கழற்றி, ஓட்டையில் கம்ப்ரஷன் மீட்டரை வைத்து, ஒவ்வொரு சிலிண்டராக என்ஜினைச் சுற்றவிட்டார். 118. 115. 70. 116. இதெல்லாம் பவுண்டு கணக்கு.

மூன்றாவது சிலிண்டர் காலி! நாலு பேர் தூக்கவேண்டிய பல்லக்கை மூன்றரைப் பேர் தூக்குகிறார்கள். இந்த வண்டிக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்து சைலன்சர் மாற்றினால் சத்தம்தான் ஏறும்.

வாத்தியார் அந்த ஓட்டையில் ஒரு ஸ்பூன் என்ஜின் ஆயிலை விட்டார். மறுபடி மீட்டர். மறுபடியும் 70. இது எதற்கு? ஆயில் விட்டதும் கம்ப்ரஷன் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஆயில் இடுக்கை அடைத்ததால் ஏறியது. ஏறாவிட்டால் கோளாறு மேலே, வால்வில். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து படுத்துக்கொண்டால் நடுவில் எட் காஸ்கெட் போயிருக்கும். ரிங் என்றால் என்ஜினையே பிரித்து ஓவராயில் செய்யவேண்டும். வால்வு என்றால் எட்டை மட்டும் கழற்றினால் போதும். செலவில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். இந்த ஒரு ஸ்பூன் ஆயில் சோதனையைச் செய்யாமலே "ஓவராயில்தான் சார்" என்று சொல்லும் பட்டறையில் இருந்து வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

வால்வு ஏன் போகிறது? இதற்குப் பெட்ரோலும் ஒரு காரணம். பழைய பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. அது வால்வு உட்காரும் இடத்தில் ஒரு பூச்சு மாதிரி படிந்து தேய்மானத்தைத் தடுத்தது. 2000-ம் ஆண்டு பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதும் ஈயம் இல்லாத பெட்ரோல்தான். ஊருக்கு நல்லது. பழைய என்ஜினுக்குக் கஷ்டம். வேகமாக, பாரத்தோடு ஓடினால் புகை வால்வின் சீட்டு குழிந்துகொண்டே போகும். டாப்பெட் இடைவெளி குறைந்து, வால்வு முழுசாக மூடாமல் நெருப்பு கசியும். டாப்பெட்டை அட்ஜஸ்ட் பண்ணப் பண்ண மறுபடி டைட் ஆகிறது என்றால் இதுதான் வியாதி. எட் கழற்றியதுதான் கழற்றியாச்சு என்று, கடினமான சீட்டு வளையம் அடித்துவிட்டால் ஒரே தடவையில் தீர்ந்தது. கூடவே உள்ளே அப்பியிருக்கும் கரியைச் சுரண்டிவிடலாம்.

பாயிண்ட் தேயுது, டைமிங் தூங்குது

டிஸ்டிரிபியூட்டர் மூடியைத் திறந்தால் உள்ளே பாயிண்ட். ஓட ஓட அதன் குதிகால் தேயும். இடைவெளி குறையும். குறைந்தால் தீப்பொறி தாமதமாக விழும். டிரைவருக்குத் தெரியாது, தினம் தினம் கொஞ்சம் கொஞ்சமாகத்தானே குறைகிறது? வண்டிக்கு வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்.

அதைவிடப் பெரிய திருடன் ஒருவன் பாயிண்ட்டுக்குக் கீழே ஒளிந்திருக்கிறான். சின்னச் சின்ன எடைக்கற்கள் இரண்டு, ஸ்பிரிங்கோடு. என்ஜின் வேகமாகச் சுற்றும்போது இவை விரிந்து தீப்பொறியை முன்னால் தள்ளவேண்டும். பழைய கிரீஸ் காய்ந்து பசையாகிவிட்டால் விரியாது. வண்டி ஐடிலில் அழகாக நிற்கும்; மிதித்தால் மட்டும் திணறும். பக்கத்தில் ஒரு தகர டப்பா, அதில் இருந்து ரப்பர் குழாய். வாத்தியார் அந்தக் குழாயை வாயில் வைத்து உறிஞ்சிப் பார்த்தார். நாக்கு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டாவிட்டால் டப்பாவுக்குள் தோல் கிழிந்திருக்கிறது. மண்ணெண்ணெயில் கழுவி இரண்டு சொட்டு ஆயில் விட்டாலே பாதி வண்டிகளுக்கு உயிர் வரும் என்கிறார். பாயிண்ட்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் செட் போட்டுக்கொள்ளலாம். பவர் கூடும் என்று நம்பிப் போடாதீர்கள். தேய ஒன்றும் இல்லை, டைமிங் அப்படியே நிற்கும்; அதுதான் லாபம்.

பெட்ரோல் மாறிப்போச்சு, ஜெட் மாறலை!

இப்போது பங்கில் போடுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். இது பழைய கார்ப்பரேட்டர் வண்டிகளை நேராகப் பாதிக்கிற சங்கதி.

எத்தனால் எரிய பெட்ரோலைவிடக் குறைந்த காற்று போதும். கார்ப்பரேட்டருக்கு அது தெரியாது. சுத்த பெட்ரோலுக்கு அளந்த ஜெட் வழியாகப் பழைய அளவிலேயே ஊற்றும். விளைவு, கலவை சுமார் 8 சதவீதம் மெலிந்துபோகிறது. மிதித்தால் தும்மல், பிக்கப் மந்தம், என்ஜின் சூடு. இதற்கு மருந்து ஒரு சைஸ் பெரிய மெயின் ஜெட், அல்லது எஸ்.யூ. கார்ப்பரேட்டராக இருந்தால் கீழே உள்ள நட்டைக் கொஞ்சம் இறக்கி ஜெட்டைத் தாழ்த்துவது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் சரியா என்று தெரியும். வெளுத்துச் சுண்ணாம்பாக இருந்தால் மெலிவு. கறுத்துப் புகை பிடித்திருந்தால் அதிகம். காப்பிப்பொடி நிறம் என்றால் அப்படியே விட்டுவிடுங்கள்.

ஜாக்கிரதை ஒன்று. பழைய ரப்பர் ஓசும் பம்ப்பின் தோலும் எத்தனாலுக்கு இளகிப்போகும். பெட்ரோல் வாசனை வந்தால் 'பழைய வண்டி, அப்படித்தான்' என்று விடாதீர்கள். சூடான என்ஜின் மேல் பெட்ரோல் சொட்டினால் அடுத்த நாள் பேப்பரில் 'நடுரோட்டில் தீப்பிடித்த கார்' என்று நான்தான் எழுதவேண்டி வரும். புது ஓஸ் சில நூறு ரூபாய்தான்.

அந்த மினுமினுக்கும் 'ஸ்போர்ட்ஸ் பில்டர்' விஷயம்? ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கண்ணாடிக்குள் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் திறந்த பில்டர் உறிஞ்சுவது பானெட்டுக்குள் கொதிக்கும் காற்றை. வெளிக்காற்றைவிட 30 டிகிரி சூடு என்றால் காற்றின் கனம் ஏறக்குறைய 10 சதவீதம் குறைவு. கனம் குறைந்தால் பவரும் குறையும். கம்பெனி கொடுத்த டப்பாவில் புது பேப்பர் பில்டர் போட்டு, அதன் மூக்குக்கு முன்கிரில்லில் இருந்து ஒரு குழாய் வைத்தால் போதும். சென்னை வெயிலுக்கு அதுதான் நிஜமான ஸ்போர்ட்ஸ்.

அந்துருண்டை வைத்தியம்!

விசாரணையில் சிரிப்பு வந்த இடமும் உண்டு. பெட்ரோல் டேங்கில் நாலு அந்துருண்டை போட்டால் வண்டி பறக்குமாம்! இன்றைக்கும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். உண்மையில் நாப்தலீன் கரைந்து, பிறகு ஜெட்டிலும் பைப்பிலும் மறுபடி படிந்து அடைக்கும். வண்டி பறக்காது, நிற்கும். பெட்ரோல் பைப்பில் கட்டும் காந்தம் இன்னொன்று. அதைக் கட்டியவருக்குக் கிடைத்த லாபத்தை விற்றவரிடம்தான் கேட்கவேண்டும்.

எட்டைச் சீவினால் என்ன கிடைக்கும்?

இது மட்டும் கொஞ்சம் நிஜம் உள்ள வித்தை. அந்தக் காலத்துப் பெட்ரோலுக்கு ஏற்ப அம்பாசிடர் என்ஜினின் அமுக்கத்தைக் குறைவாகவே வைத்திருந்தார்கள். இப்போதைய பெட்ரோல் அதைவிட அதிக அமுக்கம் தாங்கும். எனவே எட்டின் அடியைச் சீவி, எரியும் அறையைச் சின்னதாக்கலாம்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். 1489 சி.சி.யை நாலால் வகுத்தால் ஒரு சிலிண்டருக்கு 372. அமுக்கம் 7.2 மடங்கு என்றால் மேலே மிஞ்சும் அறை 60 சி.சி. அதை 8 மடங்காக்க அறை 53 சி.சி.க்குச் சுருங்கவேண்டும். 7 சி.சி. குறைக்க ஒரு மில்லிமீட்டருக்கு மேலேயே சீவவேண்டும். இவ்வளவுக்கும் கிடைப்பது 3 முதல் 4 சதவீதம். 50-ல் 2 குதிரை! ஒருமுறை சீவிய இரும்பு திரும்ப ஒட்டாது. அதிகமாகச் சீவினால் 'நாக்கிங்' வந்து பிஸ்டன் ஓட்டையாகும். எட்டு வளைந்திருக்கிறது, எப்படியும் லேத்துக்குப் போகிறது என்றால் சரி. இதற்கென்றே கழற்றுவது வீண் என்பது நமது அபிப்பிராயம்.

ஏனென்றால் அதே 2 குதிரை இலவசமாக வேறு இடத்தில் இருக்கிறது. அம்பாசிடரின் எடை 1100 கிலோவுக்கு மேல். அதில் 50 கிலோவைக் குறைத்தால் பிக்கப்பில் வரும் லாபம் ஏறக்குறைய இதேதான். அயனாவரத்துக்காரர் டிக்கியைத் திறந்தோம். முகூர்த்தமே இல்லாத நாளில் ஒரு கிரைண்டர் கல், இரண்டு இரும்பு அடுப்பு, தண்ணீர் கேன், உடைந்த ஸ்பேர் வீல்!

மாருதி 800-ன் என்ஜின் 796 சி.சி.தான், 40 குதிரைக்கும் குறைவு. ஆனால் வண்டி எடை சுமார் 650 கிலோ. அதனால்தான் சிக்னலில் அம்பாசிடரை அது முந்துகிறது. கோவை கரிவர்தன் 1980-களின் கடைசியில் பார்முலா மாருதி என்று பந்தயக் கார்களையே அந்த மாருதி என்ஜினை வைத்துக் கட்டினார். ரகசியம் எடையில் இருந்தது. அதற்கு நேர் எதிர்க் கதையும் நம்ம சென்னையிலேயே நடந்தது. 1985-ல் வந்த ஸ்டாண்டர்டு 2000. ரோவர் காரின் ராஜா மாதிரி உடம்பு. உள்ளே பழைய வேன்கார்டு வம்சத்து என்ஜின். இழுக்குமா? சில வருஷத்தில் தயாரிப்பே நின்றுபோனது.

நம்பர் தேய்ந்த என்ஜின்

இனிமேல்தான் முக்கியமான சங்கதி. அயனாவரத்துக்காரர் மெதுவாக வாயைத் திறந்தார். வேறொரு இடத்தில் ஒரு புரோக்கருக்கு 5 ஆயிரம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டாராம். அம்பாசிடர் 1800-ல் 1990-களில் வந்த இசுசு என்ஜின், 1817 சி.சி., கியர் பாக்ஸோடு, "பாதி விலைக்கு". செல்போனில் போட்டோ காட்டினார். வாத்தியார் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார். என்ஜின் நம்பர் இருக்கவேண்டிய இடம் கிரைண்டர் வைத்துத் தேய்த்தது போல் பளபளவென்று இருந்தது.

"இதைத் தொடமாட்டேன் சார். அட்வான்ஸ் போனாப் போகுது, விட்டுடுங்க."

நம்பர் அழிக்கப்பட்ட என்ஜின் ஏன் மலிவாக வருகிறது என்று விளக்கத் தேவையில்லை. திருட்டுச் சாமான் என்று தெரிந்தோ, தெரிந்திருக்கவேண்டிய நிலையிலோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவின்படி 3 வருஷம் வரை ஜெயில். பழைய சட்டத்தில் இதுவே 411. "எனக்குத் தெரியாதுங்க" என்று ஸ்டேஷனில் சொல்லலாம். மலிவு விலையும் தேய்ந்த நம்பரும் எதிர்சாட்சி சொல்லும். காயிலாங்கடை என்ஜின் வாங்குவதே குற்றம் இல்லை. நம்பர் தெளிவாக இருக்கவேண்டும்; எந்த வண்டியில் இருந்து கழற்றியது என்பதற்கு ஆர்.சி. நகலும், கடை பில்லும் கேட்டு வாங்கவேண்டும். தர மறுத்தால் நடையைக் கட்டுங்கள்.

நல்ல என்ஜினாகவே இருந்தாலும் ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் மாற்றக்கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு. கம்பெனி சொன்ன விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டும் 2019 ஜனவரியில் அழுத்திச் சொல்லிவிட்டது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனியும் இதையே பிடித்துக்கொள்ளும்.

20 வருஷம் தாண்டிய காருக்கு ரிஜிஸ்திரேஷன் புதுப்பிக்கும் கட்டணமே 2025 ஆகஸ்டு முதல் 10 ஆயிரம் ரூபாய். அதைக் கட்டி, எப்.சி.க்குப் போய் நிற்கும்போது ஆர்.சி. புத்தகத்தில் ஒரு நம்பர், என்ஜினில் ஒரு நம்பர் என்றால்? வண்டி அங்கேயே நிற்கும். முகூர்த்தம் நிற்குமா?

நிற்கத் தெரியுமா?

பவர் பற்றிப் பேசுகிற யாரும் பிரேக் பற்றிப் பேசுவதில்லை. விபத்து நடந்த இடத்துக்குப் போகிற எனக்கு இது எரிச்சலான விஷயம். வேகம் 60-ல் இருந்து 80 ஆனால் நிற்கும் தூரம் மூன்றில் ஒரு பங்கு கூடும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். இல்லை. பிரேக் பிடித்தபின் 60-ல் 20 மீட்டரில் நிற்கும் வண்டிக்கு 80-ல் 35 மீட்டருக்கு மேல் வேண்டும். பழைய அம்பாசிடர், பியட் வண்டிகளில் நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். பலவற்றில் நாலுக்கும் சேர்த்து ஒரே ஆயில் லைன். ஒரு ஓஸ் வெடித்தால் மிதி நேரே தரைக்குப் போகும். அதனால் 5 ஆயிரம் கையில் இருந்தால் முதலில் பிரேக் ஓஸ், வீல் சிலிண்டர், ஷூ. மிச்சம் இருப்பது என்ஜினுக்கு.

அயனாவரத்துக்காரரின் வண்டியில் எட் கழற்றி, மூன்றாவது சிலிண்டருக்கு வால்வும் சீட்டும், டிஸ்டிரிபியூட்டர் கழுவல், ஜெட், பின்சக்கர ஷூ என்று முடிவானது. எல்லாம் சேர்த்தும் புரோக்கர் கேட்ட தொகையில் கால்வாசிதான். நான்கு நாள் கழித்து மறுபடி மீட்டர் வைத்துப் பார்த்தார்கள். 118, 115, 117, 116.

கிரைண்டர் கல்லை அவர் இன்னும் டிக்கியில் இருந்து இறக்கவில்லை. "இடம் இல்லை தம்பி, வீடு சின்னது" என்கிறார்.